பயணத்துக்குத் தயாரான பழைய பாய்மரப் படகா, பாதி விலைப் படகா, புதியதா?

வேலையை விட்டோ, நீண்ட விடுப்பு எடுத்தோ சில வருடங்கள் பாய்மரப் படகில் சுற்றலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். 36, 38 அடியில் நல்ல பெயரெடுத்த பழைய படகு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வயது 30. ஆனால் உரிமையாளர் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார். கூடவே மூன்று பக்கத்துக்குச் சாமான் பட்டியல். அதே மாடல், அதே வயது, பாதி விலையில் இன்னொன்று ஐந்து வருடமாகக் கரையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வாடகைக்கு ஓடி முடித்த ஏழு வயதுப் படகு ஒன்று, பார்க்கப் புதுசு போலவே இருக்கிறது. கடன் கிடைத்தால் புதியதே வாங்கிவிடலாமே என்று வீட்டிலும் ஒரு குரல். எதை எடுப்பது?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட பயணம்தான் நோக்கம் என்றால், பெரும்பாலானோருக்கு நன்கு பராமரித்த பழைய படகுதான் சரி. ஆனால் அதை வாங்குகிறவர்களில் பலர் அந்த மூன்று பக்கப் பட்டியலுக்கு மயங்கித்தான் வாங்குகிறார்கள். நானாக இருந்தால், உரிமையாளர் இன்ஜின் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகத்துக்குத்தான் காசு கொடுப்பேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

கேட்கும் விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதல் அளவுகோல், கயிற்றை அவிழ்த்துக் கிளம்பும் நாள் வரை ஆகும் மொத்தச் செலவு. இரண்டாவது, அந்த நாள் வர எத்தனை மாதம் ஆகும் என்பது. படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் படகு நிறுத்தும் யார்டுக்கு வாடகை போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, உயிரைத் தாங்கும் பாகங்களின் நிலை: படகின் உடல், அடியில் கனத்துக்காகப் பூட்டிய கீல் (மரக்கலத்தில் ஏரா என்பது), சுக்கான், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள், நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துப் போகும் குழாய்களின் வால்வுகள். நான்காவது, ஏதாவது கெட்டால் கரை தெரியாத இடத்தில் உங்கள் கையால் சரி செய்ய முடியுமா என்பது. கடைசியாகக் காப்பீடும் மறுவிற்பனையும். வயதான படகுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் புதிய சர்வே (நிபுணர் படகைப் பரிசோதிப்பது) அறிக்கை கேட்கும். கம்பிகள் மாற்றிய ரசீதைக் கேட்பவையும் உண்டு.

ஆண்டுச் செலவுக்குப் படகு விலையில் 10 சதவீதம் ஒதுக்கி வை என்று கடலோடிகளிடம் ஒரு வாய்க்கணக்கு இருக்கிறது. இதை மலிவுப் படகுக்குப் போட்டால் ஏமாந்து போவோம். படகு பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காகப் பாயோ இன்ஜினோ நங்கூரச் சங்கிலியோ பாதி விலைக்குக் கிடைக்காது. 10 சதவீதத்தை அதே அளவில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு படகின் விலைக்குப் போட்டுப் பாருங்கள், நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

## நன்கு பராமரித்த, எல்லாம் பொருத்திய பழைய படகு

30, 40 வயது என்றதும் பலர் தயங்குகிறார்கள். ஃபைபர்கிளாஸ் உடலைப் பொறுத்தவரை வயது ஒரு பெரிய குற்றம் இல்லை. 1959இல் வெளிவந்த பியர்சன் ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகு, தொழிற்சாலையில் தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட ஆரம்பகால ஃபைபர் படகுகளில் ஒன்று. அந்த வகைப் படகுகள் இன்னும் ஓடுகின்றன. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அந்தப் போட்டியின் மிகச்சிறிய படகுகளுக்கான பிரிவில் போட்டியை முடித்தது ஒரே ஒரு படகு, ஒரு கான்டெஸ்ஸா 32. அதே வகைப் பழைய படகை இன்றும் வாங்கலாம். ஃபைபர் உடலின் அடியில் வரும் கொப்புளங்கள் பெரும்பாலும் செலவுதான் வைக்கும். அதனால் மூழ்கிய படகு அரிது.

வயதாவது உடலைச் சுற்றி இருப்பவைதான். பாய்மரத்தைப் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றிவிடுவது வழக்கம். கம்பியைவிட எனக்குப் பயம் தருவது, அந்தக் கம்பிகள் வந்து பூட்டும் எஃகுப் பட்டைகள். மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தில் ஈரம் தேங்கும், ஆக்சிஜன் போகாது. அப்படிப்பட்ட இடுக்கில்தான் துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். வெளியே தெரியும் பகுதி கண்ணாடி போல மின்னிக்கொண்டிருக்கும். "கம்பி மாற்றியாச்சு" என்று உரிமையாளர் சொன்னால், "பட்டைகளைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். வால்வுகளும் அப்படியே. பித்தளை வால்வு கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து, மெல்ல இளஞ்சிவப்பாகி, பிஸ்கெட் போல உதிரும். வெண்கலமா, பித்தளையா, கடைசியாக எப்போது மாற்றியது என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள்.

இப்போது அந்தச் சாமான் பட்டியலுக்கு வருவோம். நான் பட்டியலைப் படிக்கும் முறை இது: ஒவ்வொரு சாமானுக்கும் எதிரில் அதன் வயதை எழுதுவேன். 12 வருடம் உழைக்கக்கூடிய பொருளுக்கு 9 வயது ஆகிவிட்டால், என் கணக்கில் அதற்குப் புது விலையில் கால் பங்குதான் மதிப்பு. வயது தெரியவில்லை என்றால் மதிப்பு பூஜ்யம். இப்படிச் செய்தால் மூன்று பக்கப் பட்டியல் அரைப் பக்கமாகச் சுருங்கிவிடும். விற்பவருக்குக் கோபம் வரும், வரட்டும். அவர் தான் செலவு செய்ததையெல்லாம் கூட்டி விலை சொல்கிறார். நீங்கள் மிச்சமிருக்கும் ஆயுளுக்கு விலை சொல்கிறீர்கள்.

சில சாமான்கள் இந்தக் கணக்குக்குள் அடங்காது. காற்றின் திசையைப் பிடித்துச் சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகடு அப்படி ஒன்று. 1960இல் நடந்த முதல் தனிநபர் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர் தானே வடிவமைத்த காற்றுத்தகட்டோடு 'ஜெஸ்டர்' என்ற சின்னப் படகில் 48 நாளில் கடலைக் கடந்து இரண்டாவதாக வந்தார். அதற்கு மின்சாரம் வேண்டாம். புஷ்ஷையும் கயிற்றையும் மாற்றினால் 20, 25 வயதிலும் உழைக்கும். பட்டியலில் மானிட்டர், ஹைட்ரோவேன் போன்ற பெயருள்ள பழைய காற்றுத்தகடு இருந்தால் நான் முழு மனசோடு காசு கொடுப்பேன். அதே பட்டியலில் இருக்கும் 12 வயது சார்ட் பிளாட்டருக்கு (கடல் வரைபடம் காட்டும் திரைக் கருவி) ஒன்றும் கொடுக்கமாட்டேன். வரைபட அட்டை கிடைக்காது, புதிய கருவிகளோடு பேசாது, திரை ஏற்கெனவே மங்கிப் போயிருக்கும்.

உயிர்காப்புச் சாமான்கள் இன்னும் மோசமான ஏமாற்று. ரப்பர் மிதவைப் படகுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சர்வீஸ் செய்ய வேண்டும். சர்வீஸ் அட்டை காலாவதியாகியிருந்தால் அது மேல்தளத்தில் இருக்கும் ஒரு கனமான பெட்டி, அவ்வளவே. ஆபத்து அறிவிக்கும் எபர்ப் கருவியில் பேட்டரிக்குத் தேதி உண்டு. ரொம்பப் பழைய, 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் கருவி என்றால் தேதியைக்கூடப் பார்க்க வேண்டாம்: 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. இப்போது 406 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான். நல்ல கருவியாகவே இருந்தாலும் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், நீங்கள் நடுக்கடலில் பொத்தானை அமுக்கும்போது மீட்பு மையம் முந்தைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் போன் செய்யும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, முந்தையவரின் விருப்பங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் அவருக்கு வரப்பிரசாதம். அதை அடிக்கடி ஓட்ட வேண்டும், அல்லது ரசாயனம் செலுத்தி உறங்க வைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் ஒரு வருடம் விட்டிருந்தால் உள்ளே இருக்கும் சவ்வை மாற்ற வேண்டியிருக்கும். லித்தியம் பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறார் என்றால் சந்தோஷம்தான், ஆனால் இன்ஜினோடு சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய ஆல்டர்னேட்டரை அப்படியே விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். லித்தியம் கொடுக்கிற கரன்ட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கட்டுப்படுத்தும் கருவி இல்லாத ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நான் பார்த்த ஒரு படகில் மின்பலகையைத் திறந்தால், எங்கும் போய்ச் சேராத கேபிள்கள் ஒரு கட்டு. முப்பது வருடத்தில் கழற்றிய ஒவ்வொரு கருவியும் தன் வாலை மட்டும் விட்டுப் போயிருந்தது. அதைப் பிரித்தெடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது.

சரி, அந்த நோட்டுப் புத்தகம் ஏன் முக்கியம்? எண்ணெய் எப்போது மாற்றியது, பம்ப்பின் ரப்பர் சக்கரம் எப்போது, செயில்டிரைவ் (இன்ஜினிலிருந்து படகின் அடியைத் துளைத்து இறங்கி விசிறியைச் சுழற்றும் அமைப்பு) இருந்தால் அதன் ரப்பர் அடைப்பு எப்போது (வோல்வோ பென்டா 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது) என்று தேதியும் இன்ஜின் மணியும் போட்டு எழுதி வைத்தவர், கண்ணுக்குத் தெரியாத இடங்களையும் பார்த்திருப்பார். டீசல் இன்ஜின் ஓடுவதால் சாவதைவிட ஓடாமல் கிடந்து சாவதே அதிகம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 4,000 மணி நேர இன்ஜினை, முப்பது வருடத்தில் 900 மணி நேரம் மட்டுமே ஓடிய இன்ஜினைவிட நான் நம்புவேன். நோட்டு இல்லையா? படுக்கைக்கு அடியில் சுக்கான் கேபிள்கள் போகும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். விருந்தாளிக்குக் காட்டாத இடம் அது. அங்கே சுத்தமும் கிரீஸும் இருந்தால் பாதி சர்வே முடிந்த மாதிரி.

இது யாருக்குப் பொருந்தும்: ஒரு வருடத்துக்குள் கிளம்ப வேண்டும், ரிப்பேர் ஓரளவு கற்றுக்கொள்ளத் தயார், ஆனால் படகு கட்டுவது தன் பொழுதுபோக்கு இல்லை என்பவர்களுக்கு.

## பாதி விலையில் கிடக்கும் படகு

மனசை இழுப்பது இதுதான். அதே வடிவம், அதே உடல், மிச்சமாகும் பணத்தில் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: கம்பிகள், பாய்கள், இன்ஜின் அல்லது அதன் முழுச் சீரமைப்பு, வால்வுகள், குழாய்கள், மின்கம்பிகள், பேட்டரி, சமையல் வாயு அமைப்பு, மெத்தை, மிதவை, நங்கூரம், மின்னணுக் கருவிகள். இவற்றின் புது விலையைக் கூட்டினால் பெரும்பாலும் நல்ல படகின் விலையைத் தாண்டிவிடும். எல்லாம் செய்து முடித்த பிறகும் சந்தை அதை ஒரு பழைய படகாகத்தான் பார்க்கும். நல்ல படகை விற்கிறவர் ஏற்கெனவே பட்ட நஷ்டத்தை இங்கே நீங்களே படுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்தைவிடக் கொடியது காலம். பல படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், நடுவில் மரம் சோறு மாதிரி ஆகிவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறும் இடத்தில் உங்கள் ஒரு பருவம் போய்விட்டது. ஆறு மாதம் என்று ஆரம்பித்து மூன்று வருடம் இழுத்தவர்களையும், பாதியில் அலுத்து இன்னொருவர் தலையில் கட்டியவர்களையும் எந்த யார்டிலும் பார்க்கலாம். கரையில் நிற்கும் பாதி விலைப் படகுகளில் பல அப்படிப் பாதியில் விட்டவைதான்.

இருந்தாலும் இது சிலருக்குச் சரியான தேர்வு. ஃபைபர், மின்சாரம், டீசல் மூன்றிலும் கை பழகியவர், படகை வீட்டுக்குப் பக்கத்திலோ செலவில்லாத இடத்திலோ நிறுத்த முடிந்தவர், முக்கியமாகக் கிளம்பும் தேதி என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளாதவர். இப்படிப்பட்டவருக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு: நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு எதாவது ஒழுகினால், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நான்காவது அளவுகோலில் மற்ற மூன்று படகும் இதன் பக்கத்தில்கூட வராது.

காசு குறைவு என்பது மட்டுமே காரணம் என்றால், இதை விட்டுவிட்டு 28, 30 அடியில் தயாராக இருக்கும் படகைத் தேடுங்கள். நீளம் கூடும்போது எடை, பாய், கம்பி, நங்கூரம் எல்லாம் அதைவிட வேகமாகக் கூடும். எட்டு அடி குறைத்தால் மிச்சமாகும் பணம் ஆச்சரியமாக இருக்கும்.

## வாடகைக்கு ஓடி வந்த படகு

சார்ட்டர் நிறுவனங்கள் சில வருடங்கள் ஓட்டிவிட்டு விற்கும் படகுகள் இவை. வயது குறைவு, சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்கும், காகிதமும் இருக்கும். இன்ஜின் மணி அதிகம், அது பரவாயில்லை என்று மேலேயே சொன்னேன். ஆனால் இவை ஒரு வாரக் கடலோர விடுமுறைக்காகக் கட்டமைத்தவை. மூன்று நான்கு படுக்கையறை, இரண்டு கழிவறை, சாமான் வைக்க இடமில்லை. பேட்டரி சிறியது, காற்றுத்தகடு கிடையாது, நங்கூரம் மெல்லிசு. பெருங்கடலுக்கு என்று தயார் செய்ய ஆகும் செலவைச் சேர்த்தால் விலைக் கவர்ச்சி பாதி கரைந்துவிடும்.

என் பெரிய கவலை கீல். வாரத்துக்கு ஒருவர் ஓட்டும் படகு எப்போதாவது பாறையிலோ மணலிலோ இடித்திருக்கும். பல நவீன படகுகளில் உள்ளே வலுவுக்காக ஒரு சட்டகத்தைத் தனியாகச் செய்து உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். அடி பட்டால் அந்த ஒட்டு விட்டுப்போகலாம்; மேலே பூச்சைச் சரி செய்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்ற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 படகு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதன் பிறகு நடந்த ரிப்பேர்களும் சேர்ந்து கீல் பூட்டிய இடத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் குழு சொன்னது. வாடகைப் படகை வாங்குவதென்றால், கீலை ஒட்டிய உள்பகுதியைத் தரைப்பலகை தூக்கி அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் சர்வேயர் வேண்டும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பெரிய குடும்பம், கடலோரமாகத் தீவுக்குத் தீவு போகும் திட்டம், தூரம் குறைவு என்றால் இதுவே நல்ல பேரம்.

## புதிய படகு

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலைப்பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வெறும் படகு. மிதவை, நங்கூரச் சங்கிலி, சோலார், கருவிகள் எல்லாம் தனிக் கணக்கு. முதல் வருடத்தில் சின்னச் சின்னக் குறைகள் வந்துகொண்டே இருக்கும். உத்தரவாதம் உண்டு, ஆனால் டீலரிடமிருந்து ஆயிரம் மைல் தள்ளி நிற்கும்போது அந்தக் காகிதத்தால் என்ன பயன்? மதிப்பு இறங்குவதில் பெரிய படியை முதல் உரிமையாளரே இறங்குகிறார். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும், காப்பீட்டில் தலைவலி வேண்டாம், ரிப்பேர் என்றாலே ஆகாது என்பவர்களுக்கு இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | பராமரித்த பழையது | பாதி விலைப் படகு | வாடகைக்கு ஓடியது | புதியது |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு | கேட்ட விலைக்குச் சற்று மேல் | கேட்ட விலையைப் போல் பல மடங்கு ஆகலாம் | நடுத்தரம், சாமான் தனி | மிக அதிகம் |
| கிளம்ப ஆகும் காலம் | சில மாதம் | வருடங்கள் | ஒரு பருவம் | காத்திருப்பு, பிறகு பொருத்தும் வேலை |
| பார்க்க வேண்டிய இடம் | கம்பி, பட்டை, வால்வு, சாமான்களின் வயது | மேல்தள ஈரம், இன்ஜின், எல்லாமே | கீல், உள்சட்டகம் | முதல் வருடக் குறைகள் |
| உங்களுக்குப் படகு தெரியும் அளவு | முந்தையவர் சொன்ன அளவு | முழுசாக | குறைவு | மிகக் குறைவு |
| காப்பீடு | சர்வே வேண்டும் | கடினம் | எளிது | மிக எளிது |
| மறுவிற்பனை | மெதுவாக இறங்கும் | போட்டது திரும்பாது | சீராக இறங்கும் | வேகமாக இறங்கும் |

## கையெழுத்துக்கு முன்

எந்தப் படகானாலும் ஒப்பந்தத்தில் 'சர்வேக்கும் கடலில் ஓட்டிப் பார்ப்பதற்கும் உட்பட்டு' என்ற வரி இருக்க வேண்டும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் சர்வே. சர்வேயர் வழக்கமாகப் பாய்மரத்தின் மேலே ஏறமாட்டார், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கமாட்டார். அந்த இரண்டுக்கும் தனி ஆள். இன்ஜின் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்புவது மலிவு, அதைத் தவறாமல் செய்யுங்கள். நீங்கள் போய்ச் சேரும்முன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

காகிதங்களில் ஒரு கண்ணி உண்டு. படகின் மீதான கடல்சார் கடன் உரிமைகள் ஆளைத் தொடராது, படகைத் தொடரும். முந்தையவர் பாக்கி வைத்த சம்பளமோ மீட்புக் கூலியோ உங்கள் தலையில் வந்து விழலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்திருக்கப்போகும் படகு என்றால், மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான சான்று கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத படகு விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பராமரித்த பழைய படகையே எடுக்கிறீர்கள் என்றால், விலை பேசும்போதே இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பணம் கைமாறிய பிறகு பழைய உரிமையாளர் இரண்டு நாள் உங்களோடு படகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வால்வையும் அவர் கையால் திறந்து மூடிக் காட்டட்டும், ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று சொல்லட்டும், நீங்கள் போனில் பதிவு செய்துகொண்டே போங்கள். விற்ற படகைப் பற்றிப் பேசச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மூன்றாவது நாளும் வந்து நின்றால் டீ போட்டுக் கொடுங்கள், விலை பேசும்போது மறைத்த ஒன்றிரண்டு அப்போதுதான் வெளியே வரும்.